கபுட் என்றால் தலை

கிரிக்கெட் அணியின் கேப்டன், ஓட்டல் சமையலறையின் செஃப், பாடப்புத்தகத்தில் வரும் சாப்டர், தொழில் தொடங்கப் போடும் கேபிடல், உடற்பயிற்சி செய்து வளர்க்கும் பைசெப்ஸ். ஆங்கிலம் வழியாக நம் பேச்சில் கலந்துவிட்ட இந்த ஐந்து சொற்களுக்கும் பார்த்தால் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் ஐந்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். தாயின் பெயர் கபுட். லத்தீனில் அதற்குத் தலை என்று பொருள்.

லத்தீன் கற்பிக்கும் புத்தகங்கள் பெரும்பாலும் இந்தச் சொல்லைக் கொஞ்சம் தள்ளித்தான் வைக்கும். ஒழுங்காக உருமாறும் எளிய பெயர்ச்சொற்களை முதலில் பழக்கிவிட்டுப் பிறகுதான் கபுட் மாதிரியான சொற்களுக்கு வருவார்கள். தமிழ் பேசுகிறவர்கள் அவ்வளவு காத்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். கபுட் செய்கிற வேலைகளில் பாதியை நம் 'தலை'யும் செய்கிறது. அது உருமாறும் விதமோ நம் 'மரம்' உருமாறும் விதத்தைப் போன்றது. இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே லத்தீன் பெயர்ச்சொல் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்த்துவிடலாம்.

முதலில் உச்சரிப்பு. தொடக்கத்தில் வருவது குறில் 'க'. நடுவில் வரும் 'பு'வை 'புல்' என்பதில் சொல்வதுபோல் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 'கபம்' என்பதில் வரும் மெலிந்த ஒலி அல்ல. கடைசி ட், உண்மையில் நாக்கு நுனி பல்லைத் தொட்டுப் பிறக்கும் ஒலி. நம் 'பத்து'வில் வரும் த்-க்குத்தான் அது நெருக்கம். கேபிடல் போன்ற பழகிய சொற்களோடு கண் எளிதாக இணைத்துப் பார்க்கட்டும் என்று இங்கே ட் போட்டு எழுதுகிறேன்.

மரம், மரத்து, கபுட், கபிட்

லத்தீன் அகராதியைத் திறந்தால் இந்தச் சொல் தனியாக இருக்காது. 'கபுட், கபிட்டிஸ்' என்று இரண்டு வடிவங்கள் சேர்ந்தே இருக்கும். முதலாவது எழுவாய் வடிவம். இரண்டாவது 'தலையினுடைய' என்னும் ஆறாம் வேற்றுமை வடிவம். எதற்கு இரண்டையும் தர வேண்டும்?

மரம் என்ற சொல்லோடு ஐ சேர்த்துப் பாருங்கள். 'மரமை' என்று வருவதில்லை, மரத்தை என்றுதான் வருகிறது. கு சேர்த்தால் மரத்துக்கு, இல் சேர்த்தால் மரத்தில். உருபு ஏற்பதற்கு முன்னால் மரம் 'மரத்து' என்று ஆகிவிடுகிறது. அத்துச் சாரியை என்று பள்ளியில் படித்திருப்போம். கபுட்டும் இப்படித்தான். தனியாக நிற்கும்போது கபுட். உருபு ஏற்கும்போது 'கபிட்' என்று ஆகிவிடும். அந்த 'கபிட்' என்ற அடிச்சொல்லைக் காட்டத்தான் அகராதி இரண்டாவது வடிவத்தையும் தருகிறது.

நமக்கும் லத்தீனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் 'அம்' என்று முடியும் சொற்கள் எல்லாம் ஒரே மாதிரி மாறும் என்பதால் அகராதி அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. லத்தீனில் ஒவ்வொரு சொல்லின் அடியையும் தெரிந்துகொண்டால்தான் மேலே போக முடியும். அதனால் கபுட்டை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். கபுட், கபிட்டிஸ் என்று ஜோடியாகவே செய்யுங்கள். பின்னால் வந்த ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவை அந்த இரண்டாவது வடிவத்தின் அடியிலிருந்து கிளைத்தவை. கேபிடல் என்ற சொல்லில் கேட்கும் 'பிட்' அதுதான்.

ஒருமை வடிவங்கள் இவை:

கபுட்: தலை
கபிட்டிஸ்: தலையினுடைய
கபிட்டீ: தலைக்கு
கபுட்: தலையை
கபிட்டெ: தலையால், தலையிலிருந்து, தலையில்

பன்மையில் இதே வரிசைப்படி கபிட்ட, கபிட்டும், கபிட்டிபுஸ், கபிட்ட, கபிட்டிபுஸ். விளி வேற்றுமைக்குத் தனி வடிவம் இல்லை. எழுவாயையே வைத்துக் கூப்பிட வேண்டியதுதான். கபிட்டிபுஸ் என்பதன் கடைசியில் உள்ள 'புஸ்' மட்டும் மெல்லொலி. 'ஓம்னிபுஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு 'எல்லோருக்கும்' என்று பொருள். எல்லோருக்குமான வண்டிக்கு அந்தப் பெயர் வைத்து, பிறகு அதன் வாலை மட்டும் வெட்டியெடுத்து நாம் பஸ் என்கிறோம். கபிட்டிபுஸ்ஸில் இருப்பதும் அதே வால்தான். நாம் தினமும் ஏறி இறங்குவது ஒரு லத்தீன் வேற்றுமை உருபில்.

தமிழில் எட்டு வேற்றுமை, லத்தீனில் ஆறு என்று சொன்னவுடன் சிலர் குழம்புவார்கள். கணக்கு எளிது. நம்முடைய மூன்றாம் வேற்றுமை (ஆல்), ஐந்தாம் வேற்றுமை (இலிருந்து), ஏழாம் வேற்றுமை (இல்) ஆகிய மூன்றின் வேலையையும் லத்தீனில் ஒரே வடிவம் செய்துவிடுகிறது. எட்டில் மூன்று சேர்ந்து ஒன்றானால் மிச்சம் ஆறு. லத்தீனின் மூதாதை மொழியில் அவை மூன்றும் தனித்தனியாகவே இருந்தன. காலப்போக்கில் ஒன்றாகக் கலந்துவிட்டன. அதனால்தான் கபிட்டெ என்ற ஒரே சொல்லுக்கு மேலே மூன்று பொருள் எழுத வேண்டியிருந்தது. எது பொருத்தம் என்பதைச் சூழல் சொல்லும்.

'தலை' என்பதற்கும் 'தலையை' என்பதற்கும் ஒரே வடிவம் இருக்கிறதே, அது எப்படி? லத்தீன் பெயர்ச்சொற்கள் ஆண்பால், பெண்பால், இரண்டும் அல்லாத மூன்றாம் பால் என்று பிரிந்திருக்கும். பொருளை வைத்து இந்தப் பாலை ஊகிக்க முடியாது. லத்தீனில் கை பெண்பால், கால் ஆண்பால், தலை மூன்றாம் பால். இந்த மூன்றாம் பால் சொற்கள் எல்லாவற்றுக்கும் ஒரு விதி: எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் ஒரே வடிவம்தான்.

நமக்கு இது புதிதல்ல. 'தலை வலிக்கிறது' என்கிறோம். 'தலை வாரினாள்' என்கிறோம். முதல் வாக்கியத்தில் தலை எழுவாய், இரண்டாவதில் செயப்படுபொருள். ஆனாலும் 'தலையை' என்று சொல்லாமலே விளங்கிவிடுகிறது. ஆளைப் பற்றிப் பேசும்போது இந்தச் சலுகை கிடையாது. 'முருகன் பார்த்தேன்' என்றால் யாரும் ஒப்ப மாட்டார்கள். முருகனை என்று ஐ போட்டே ஆக வேண்டும். தமிழில் அஃறிணைக்கு விருப்பம்போல் கிடைக்கும் சலுகை, லத்தீனில் மூன்றாம் பாலுக்குக் கட்டாய விதி. 'கபுட் தோலெட்' என்றால் தலை வலிக்கிறது. 'கபுட் லவோ' என்றால் தலை கழுவுகிறேன்.

பன்மையின் 'அ' ஈற்றையும் நினைவில் வைத்துக்கொள்ள நமக்கு ஒரு வழி இருக்கிறது. பல, சில, வந்தன, போயின என்று நம் அஃறிணைப் பன்மையும் அகரத்தில் முடிகிறது. லத்தீனின் மூன்றாம் பால் பன்மையும் அகரத்தில்தான் முடியும்: கபிட்ட. இது தற்செயல் ஒற்றுமை. இரு மொழிகளுக்கும் உறவு என்று யாரும் இதை வைத்து வாதிட வேண்டாம். மனப்பாடம் செய்ய உதவும், அவ்வளவுதான்.

இப்போது பொருளாதாரச் செய்திகளில் வரும் 'பெர் கேபிடா' விளங்கும். 'பெர்' என்ற லத்தீன் முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் இரண்டாம் வேற்றுமை வர வேண்டும். கபிட்ட என்பது அதன் பன்மை. ஆக, 'தலைகளின்படி' என்பது நேர்பொருள். கல்யாணச் சமையல்காரர் 'தலைக்கு இவ்வளவு' என்று சொல்லும் கணக்கு.

தலை எங்கெல்லாம் போகிறது

உடம்பின் மேல் இருக்கும் தலை என்பது கபுட்டின் முதல் பொருள். அங்கிருந்து அது போன இடங்களை ரோமானியர்களின் எழுத்திலேயே பார்க்கலாம்.

தலை என்றால் ஆள். 'தெரிந்த தலை ஒன்றையும் காணோம்' என்று நாம் சொல்வதில்லையா? கவிஞர் ஹொரேஸ் (கி.மு. 65-8), தன் நண்பர் குவின்டிலியுஸ் இறந்தபோது இன்னொரு நண்பரான வெர்ஜிலுக்கு எழுதிய பாடலில் 'தம் காரீ கபிட்டிஸ்' என்கிறார். இத்தனை அன்பான தலைக்காக ஏங்குவதில் வெட்கமென்ன, அளவென்ன என்பது அந்த வரியின் கருத்து. இலக்கணப் புத்தகத்தில் உயிரில்லாமல் கிடக்கும் ஆறாம் வேற்றுமை வடிவம் இங்கே ஒரு மனிதரின் துக்கத்தைச் சுமக்கிறது. கபிட்டிஸ் என்ற வடிவத்தை நான் இந்த வரியோடு சேர்த்துத்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.

அதே தலை, எண்ணிக்கையில் வெறும் எண்ணாகவும் ஆகிவிடும். ரோமில் குடிமக்களைச் சொத்து மதிப்பை வைத்து வகைப்படுத்திக் கணக்கெடுத்தார்கள். குறிப்பிட்டுச் சொல்லச் சொத்து இல்லாத ஏழைகளை என்ன சொல்லிப் பதிவது? தலையை மட்டும் எண்ணிக்கொண்டார்கள். அவர்களுக்கு 'கபிட்டெ கென்ஸீ' என்று பெயர்: தலையால் எண்ணப்பட்டவர்கள். முன்பு பார்த்த அந்த மூன்று பொருள் வடிவம், இங்கே 'ஆல்' என்ற பொருளில் வருகிறது. சொத்து இல்லாதவருக்குப் படையில் இடமில்லை என்பதே ரோமின் பழைய வழக்கம். கி.மு. 107-இல் வட ஆப்பிரிக்காவில் யுகுர்த்தா என்ற அரசனோடு போர் நடந்தபோது தளபதி மாரியுஸ் இந்தத் தலைக்கணக்கு மக்களைப் படையில் சேர்த்தார். வீடும் நிலமும் தங்கள் தளபதி மூலமாகத்தான் கிடைக்கும் என்று நம்பிய இத்தகைய படைவீரர்கள், அடுத்த தலைமுறைகளில் ரோமக் குடியரசின் போக்கையே மாற்றினார்கள்.

வரியும் தலையைத் தேடி வந்தது. கி.பி. 284 முதல் 305 வரை ஆண்ட தியோக்லேசியன் பேரரசர் ஒழுங்குபடுத்திய வரிமுறையில் 'கபிட்டாத்சியோ', அதாவது தலைவரி என்று ஒரு பகுதி இருந்தது. நம் ஊர்த் திருவிழாவுக்கு வசூலிக்கும் தலைக்கட்டு வரியை நினைத்துக்கொண்டால் பெயரின் பொருள் எளிதில் புரியும். ஆனால் நமது தலைக்கட்டு என்பது ஒரு குடும்பம்.

ஆற்றுக்கும் தலை உண்டு. ஊற்றெடுக்கும் இடத்தை லத்தீனில் கபுட் என்பார்கள். காவிரி பிறக்கும் இடத்துக்கு நாம் தலைக்காவிரி என்று பெயர் வைத்திருக்கிறோமே, அதே சிந்தனை. ஆனால் லத்தீன் ஒரு படி மேலே போய், ஆறு கடலில் கலக்கும் முகத்துக்கும் இந்தச் சொல்லையே பயன்படுத்தும். ரைன் நதி 'முல்ட்டிஸ் கபிட்டிபுஸ்', அதாவது பல தலைகளோடு கடலில் கலக்கிறது என்று ஜூலியஸ் சீசர் எழுதுகிறார். பாம்பு போல நெளிந்து ஓடும் ஆற்றின் எந்த முனையைத் தலை என்பது என்ற கேள்விக்கு, இரண்டு முனையையும் என்று விடை சொல்லியிருக்கிறார்கள்.

நகரத்துக்குத் தலைமை தந்ததும் இந்தச் சொல்தான். வரலாற்றாசிரியர் லிவி சொல்லும் ஒரு பழங்கதை: ரோமின் கடைசி அரசனான தார்க்வின் ஜூப்பிடருக்குக் கோயில் கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது முகம் சிதையாத ஒரு மனிதத் தலை கிடைத்தது. இந்த இடம் பேரரசின் கோட்டையாகவும் உலகின் தலையாகவும் விளங்கும் என்று குறி சொல்பவர்கள் விளக்கினார்கள். அந்தக் கோயில் எழுந்த கபிடோலியம் என்ற குன்றின் பெயர் இந்தக் கபுட்டிலிருந்து வந்தது என்று ரோமானியர்கள் நம்பினார்கள். மொழியியலாளர்கள் எல்லோரும் அதை ஏற்பதில்லை. ஆனாலும் பெயர் நிலைத்தது. வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றம் கூடும் கட்டடத்தின் பெயரான கேபிடோல் அந்தக் குன்றிலிருந்து எடுத்ததே.

சட்டத்தில் கபுட் என்பது ஒருவருடைய உயிர், அதோடு அவருடைய குடிமை நிலை. 'தலை போகிற காரியமா?' என்று நாம் கேட்பது ரோம வழக்கறிஞருக்கு அப்படியே விளங்கியிருக்கும்; உயிருக்கோ குடியுரிமைக்கோ ஆபத்தான வழக்கைத் தலை வழக்கு என்றே அவர்கள் சொன்னார்கள். மரண தண்டனையைக் குறிக்கும் கேபிடல் பனிஷ்மென்ட் என்ற சொல் இந்த வழியில் வந்தது. இதில் எனக்கு வியப்பூட்டுவது 'கபிட்டிஸ் தேமினூத்சியோ', அதாவது தலைக்குறைப்பு என்ற கோட்பாடு. இதற்கு மூன்று படிகள். விடுதலையையே இழந்து அடிமையாவது பெரிய தலைக்குறைப்பு. விடுதலை இருந்தும் குடியுரிமை போய்விடுவது இடைப்பட்டது. தத்துப்போவது போன்ற காரணத்தால் குடும்பம் மட்டும் மாறுவது சிறியது. கழுத்தின் மேல் தலை அப்படியே இருக்கும். சட்டத்தின் கண்ணில் அது குறைந்துபோயிருக்கும்.

கடனிலும் தலை உண்டு. வட்டி போக உள்ள அசலை, நாம் 'முதல்' என்பதை, ரோமானியர்கள் கபுட் என்றார்கள். கி.மு. 367-இல் நிறைவேறியதாக லிவி கூறும் லிகினியுஸ், செக்ஸ்தியுஸ் சட்டங்களில் ஒன்று கடன்பட்ட ஏழைகளுக்கானது. இதுவரை வட்டியாகக் கட்டியதை எல்லாம் அசலிலிருந்து கழித்துவிட வேண்டும். மீதியை மூன்று ஆண்டுகளில் சமமான தவணைகளாகக் கட்டினால் போதும். லிவியின் சொற்கள் 'தே கபிட்டெ': தலையிலிருந்து. இங்கே அதே வடிவம் 'இலிருந்து' என்ற பொருளில் வருவதைக் கவனியுங்கள். நூறு காசு வாங்கியவர் முப்பது காசு வட்டி கட்டியிருந்தால், இனி எழுபதுதான் பாக்கி. கந்துவட்டியில் சிக்கியவர்களின் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சட்டத்தின் அருமை தெரியும். கேபிடல் என்ற சொல்லை மூலதனம் என்ற பொருளில் இடைக்கால இத்தாலிய வணிகர்கள் பரப்பினார்கள்.

எழுத்தில் வரும் தலைப்பும் கபுட். அதன் குறுவடிவமான 'கபிட்டுலும்' என்றால் குட்டித்தலை. அது பிரெஞ்சு வழியாகப் போய்ச் சாப்டர் ஆனது. ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைத் தலைப்பு தலைப்பாக எழுதிக்கொள்வதைக் குறித்த சொல், பிறகு நிபந்தனைகளுக்கு ஒப்பிச் சரணடைவதைக் குறிக்கலாயிற்று. ஆங்கிலத்தில் கேபிட்சுலேட் என்பது அதுதான். தலைப்புகளைத் திரும்ப ஒருமுறை ஓட்டுவது ரீகேபிட்சுலேட். தொலைக்காட்சித் தொடரின் தொடக்கத்தில் வருகிற 'ரீகேப்' அதன் சுருக்கம்.

ஜோதிடம் தெரிந்தவர்களுக்கு ஒரு செய்தி. நிலவின் பாதையும் சூரியனின் பாதையும் குறுக்கிடும் இரண்டு புள்ளிகளை நாம் ராகு, கேது என்கிறோம். இடைக்கால ஐரோப்பிய வானியலார் அவற்றுக்கு வைத்த பெயர்கள் 'கபுட் த்ராகோனிஸ்', 'கௌத த்ராகோனிஸ்'. நாகத்தின் தலை, நாகத்தின் வால்.

ஒட்டிக்கொண்டால் குரல் மாறும்

இன்னொரு சொல்லோடு சேரும்போது கபுட் உருமாறிவிடும். மிகப் பழைய லத்தீனில் சொல்லின் முதல் அசையில் அழுத்தம் விழுந்தது. அதனால் நடுவில் வந்த குறில் உயிர்கள் மெலிந்தன. அகரம் சில இடங்களில் எகரமாகவும் சில இடங்களில் இகரமாகவும் ஆனது. 'இரண்டு' என்னும் பொருள் தரும் 'பி'யோடு கபுட் சேர்ந்தபோது 'பிகெப்ஸ்' பிறந்தது: இருதலை. ஆங்கிலம் அதைப் பைசெப்ஸ் என்கிறது. கைத்தசையின் மேல்முனை இரண்டாகப் பிரிந்து எலும்பில் பற்றுவதால் அந்தப் பெயர். நம் உயிரியல் பாடத்தில் வரும் இருதலைத் தசை, முத்தலைத் தசை ஆகிய பெயர்களும் இதே கணக்குத்தான். பைசெப்ஸின் கடைசி ஸ் ஆங்கிலப் பன்மை விகுதி அல்ல, சொல்லோடு பிறந்தது என்பதும் இப்போது விளங்கும்.

இருபுறமும் தலை உள்ளது 'அன்கெப்ஸ்'. அதற்கு இருமுனை என்ற பொருளோடு, முடிவு தெரியாத, ஆபத்தான என்ற பொருளும் உண்டு. இருதலைக் கொள்ளி எறும்பு என்ற உவமையோடு வளர்ந்த நமக்கு, இரண்டு தலை எப்படி ஆபத்தாகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

தலை முன்னால் போக விழுவது 'ப்ரைகெப்ஸ்', தலைகுப்புற. அதன் அடிச்சொல் 'ப்ரைகிபிட்'. செங்குத்தான பள்ளத்தைக் குறிக்கும் ப்ரெசிபிஸ் அதிலிருந்து வந்தது. வானிலை அறிக்கையில் மழைப்பொழிவைக் குறிக்கும் ப்ரெசிபிடேஷனும் அதிலிருந்துதான். வானத்திலிருந்து தலைகுப்புற விழும் நீர் என்பது அதன் உட்பொருள்.

பிரான்ஸ் வழியாக வந்தவை

பிரெஞ்சு மொழி வளர்ந்த வட்டாரத்தில், அகரத்துக்கு முன்னால் இருந்த லத்தீன் ககரம் 'ச'கரமாக மாறியது. கடைசியில் நின்ற பகர ஒலி 'ஃப்' ஆனது. கபுட் தேய்ந்து 'ஷெஃப்' ஆயிற்று. பழைய பிரெஞ்சில் அதற்குத் தலை என்றும் தலைவன் என்றும் பொருள். ஆங்கிலம் அதை ஒருமுறை வாங்கிச் சீஃப் என்றது. பல நூறு ஆண்டுகள் கழித்துச் சமையலறைத் தலைவரைக் குறிக்க இன்னொரு முறை வாங்கிச் செஃப் என்றது. தலையை மூடும் துணிக்குப் பிரெஞ்சில் 'கூவ்ர்-ஷெஃப்' என்று பெயர். அது ஆங்கிலத்தில் கெர்சீஃப் ஆகி, கையில் வைத்துக்கொள்வதால் ஹேண்ட்கெர்சீஃப் ஆகி, நம் சட்டைப்பைக்குள் கர்ச்சீப்பாக வந்து உட்கார்ந்திருக்கிறது. கர்ச்சீப்பின் கடைசி அசையில் இருப்பதும் கபுட்தான்!

வடக்குப் பிரான்சில் நார்மன்கள் பேசிய வழக்கில் அந்தக் ககரம் மாறவில்லை. இதனால் ஒரே சொல் ஆங்கிலத்துக்குள் மூன்று வாசல் வழியாக நுழைந்தது. சொத்தைக் குறித்த 'கபிட்டாலெ' என்ற சொல், நார்மன் வழியே கேட்டில் ஆனது, பாரிஸ் பக்கமிருந்து சேட்டல் (அசையும் சொத்து) ஆனது, நேரே லத்தீனிலிருந்து கேபிடல் ஆனது. கேட்டில் என்றால் இன்று மாடு; முதலில் அது பொதுவாகச் சொத்தைத்தான் குறித்தது. மாட்டுத் தலைகளை எண்ணியதால்தான் கேபிடல் என்ற பெயர் வந்தது என்று பலர் சொல்வார்கள். சொற்களின் வரலாறு தலைகீழ்: சொத்து என்ற சொல்தான் சுருங்கி மாட்டின் பெயராகியிருக்கிறது. 'மாடல்ல மற்றை யவை' என்ற குறளில் மாடு என்பதற்குச் செல்வம் என்று பொருள் கொள்கிறோமே, அதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

கடலுக்குள் நீளும் நிலமுனையைக் குறிக்கும் கேப், தெற்குப் பிரான்சின் 'கப்' என்ற சொல். கன்னியாகுமரிக்கு ஐரோப்பியர் வைத்த கேப் காமரின் என்ற பெயரில் அது இருக்கிறது. மன்னார்த் தீவின் முனையில் இருக்கும் ஊருக்குத் தலைமன்னார் என்று பெயர் இருப்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

உறவும் உறவில்லாததும்

கபுட்டின் உடன்பிறப்புகளைத் தேடுவதற்கு ஒலிக் கணக்கு வேண்டும். லத்தீனில் க் வரும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் ஹ் வரும். ப் வரும் இடத்தில் ஃப் வரும். ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822-இல் இந்த ஒழுங்கை விரிவாக எடுத்துக்காட்டினார். கொம்பு லத்தீனில் கோர்னு, ஆங்கிலத்தில் ஹார்ன். தந்தை லத்தீனில் பாத்தெர், ஆங்கிலத்தில் ஃபாதர். பழைய ஆங்கிலத்தில் தலைக்கு 'ஹேயஃபொத்' என்று பெயர். ஹ், ஃப், த் என்ற மூன்று மெய்யும் கபுட்டின் க், ப், ட்-க்கு எதிரே வரிசையாக வந்து நிற்கின்றன. அதுதான் தேய்ந்து இன்றைய ஹெட். ஆக, ஆங்கிலத்தின் ஹெட் கபுட்டின் மகள் அல்ல, தங்கை.

கேட்க ஒன்றுபோல் இருப்பதை வைத்து உறவு கொண்டாடக் கூடாது என்பதற்கும் கபுட்டே நல்ல பாடம். கேப்சர், கேபபிள் ஆகியவை 'பிடி' என்று பொருள்படும் 'கபியோ' என்ற வேறு வினைச்சொல்லின் வழி வந்தவை. பிரின்ஸ் என்ற சொல்லுக்கு மூலமான 'ப்ரின்கெப்ஸ்', பிகெப்ஸ் போலவே ஒலித்தாலும், முதலிடத்தைப் பிடிப்பவன் என்ற பொருளில் அதே கபியோவின் பிள்ளை. எல்லாம் பாழ் என்ற பொருளில் 'எல்லாம் கபுட்' என்று ஜெர்மானியர் சொல்லும் 'கபுட்' பிரெஞ்சுச் சீட்டாட்டத்தில் தோற்றவரைக் குறித்த 'கபோ'விலிருந்து வந்தது, தலையோடு தொடர்பில்லை. மேலே கபுட்டின் பக்கத்தில் நம் தலையை வைத்துக் காட்டியவையும் ஒப்புமைதான், உறவு அல்ல. தலை உடம்பின் மேலே இருக்கிறது, முதலில் தெரிகிறது. அதனால் பல மொழிகளிலும் அது தலைவனாகவும் தலைப்பாகவும் ஆகியிருக்கிறது.

கடைசியாக, கபுட் பேச்சுமொழியில் என்ன ஆனது என்று பார்த்துவிடலாம். ருமேனிய மொழியிலும் கத்தலான் மொழியிலும் அது இன்றும் 'கப்' என்ற உருவத்தில் உடம்பின் தலையைக் குறிக்கிறது. பிரான்சில் ஷெஃப் தலைவனாகவே நின்றுவிட்டது. உடம்பின் தலைக்கு அங்கே வழங்கும் சொல் 'தெத்'. அது 'தெஸ்த்த' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தெஸ்த்த என்றால் மண்பானை, பானை ஓடு. சாதாரண மக்கள் பேச்சில் தலையைப் பானை என்று சொல்லிச் சொல்லி, அதுவே பெயராகிவிட்டது. ஜெர்மன் மொழியிலும் இதே கதை. ஹெட்டுக்கு உறவான பழைய சொல் 'ஹௌப்ட்' உயர்நடைக்கு ஒதுங்கிவிட்டது. அன்றாடம் சொல்வது 'கோப்ஃப்'. முதலில் அதற்குக் கிண்ணம் என்று பொருள். ஆங்கிலக் கப்-க்குச் சொந்தம்.

பாரியின் பறம்பு மலையைப் பாடும் கபிலர், ஒரு பக்கம் அருவி ஆர்ப்பரிக்கிறது என்று தொடங்கி, மறுபக்கம் 'பாணர் மண்டை நிறைய'க் கள் வார்க்கப்படுவதைச் சொல்கிறார். புறநானூற்றின் 115-ஆம் பாட்டு அது. அந்த மண்டை, பாணர் கையில் ஏந்திய கலம். இன்று நமக்கு மண்டை என்றால் தலை.